எந்தக் காமாலைக்கு எந்த ஊசி

"மஞ்ச காமாலை ஊசின்னு ஒண்ணு இருக்கில்ல, அதைப் போட்ருங்க. மேட்டர் முடிஞ்சுது" என்றார் கரஸ்பாண்டன்ட் விருத்தாசலம்.

ஆரோக்கியசெல்விக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அரை மணி நேரமாக அவள் தொண்டைத் தண்ணீர் வற்ற விளக்கிக்கொண்டிருந்ததே, அப்படி ஒரே ஒரு ஊசி கிடையாது என்பதைத்தான்.

திண்டிவனம் பைபாஸை ஒட்டி இருந்த அந்த நர்சிங் கல்லூரியில் அவள் ஆசிரியை. மாணவிகளின் உடல்நலப் பொறுப்பையும் அவள் தலையில்தான் கட்டியிருந்தார்கள். மழைக்காலம் முடிகிற நேரத்தில் ஹாஸ்டலில் ஏழெட்டுப் பெண்களுக்குக் காமாலை கண்டது. கண்ணெல்லாம் மஞ்சளாகி, சோற்றைக் கண்டாலே குமட்டி, ஒவ்வொருத்தியாக ஊருக்குப் போனார்கள். பெற்றோர்கள் வேன் பிடித்து வந்து கேட்டுக்கு முன்னால் நின்று கத்தினார்கள். பொங்கலுக்குப் பிறகு முதல் வருஷப் பெண்கள் விழுப்புரம் ஆஸ்பத்திரிகளுக்குப் பயிற்சிக்குப் போக வேண்டும். அதற்குள் ஊசி விஷயத்தை முடிவு செய்தாக வேண்டும் என்றுதான் இந்தக் கூட்டம். கூட்டம் என்றால் மூன்றே பேர். விருத்தாசலம், பிரின்சிபால் தமிழ்மணி, ஆரோக்கியசெல்வி.

"சார், இன்னொரு தடவை சொல்றேன்" என்று செல்வி ஆரம்பித்தாள். "ஹாஸ்டல்ல வந்தது ஹெப்படைடிஸ் ஏ. தண்ணியில, சாப்பாட்டுல வர்றது. ரெண்டு மாசம் படுத்தி எடுத்துட்டுப் போயிடும். நான் சொல்றது பி. அது ரத்தத்துல வர்றது. வார்டுல ஊசி குத்திக்கிட்டா போதும், வந்துரும். வந்தா சில பேருக்கு ஈரல்லயே குடி இருந்துரும். நம்ம பொண்ணுங்க நோயாளிங்க ரத்தத்தைத் தொடப் போறாங்க. அவங்களுக்கு முதல்ல பி போடணும். மூணு தவணை."

"பேரண்ட்ஸ் கத்துனது ஏ-க்குத்தானே? அவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"ஏ-யும் போட்டா நல்லதுதான் சார். ஆனா நம்ம ஊர்ப் பக்கத்துப் பிள்ளைங்களுக்குச் சின்ன வயசுலயே அது வந்து, தெரியாமலே போயிருக்கும். நிறைய பேருக்கு உடம்புல எதிர்ப்பு இருக்கும். ஏ-க்கு ஊசி வாங்குறதுக்கு முன்னாடி நம்ம தண்ணித் தொட்டியைக் கழுவணும்."

தொட்டி என்றதும் விருத்தாசலம் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அந்தத் தொட்டிப் பேச்சு அவருக்கு ஆகாது. அவர் தவிடு, புண்ணாக்கு மண்டியில் தொடங்கிக் கல்லூரி வரை வந்தவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் எதையும் வெளியே இருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்றுதான் முதலில் பார்ப்பார்.

அதுவரை வாயே திறக்காத தமிழ்மணி மேடம் மெதுவாகச் சொன்னார். "இன்ஸ்பெக்‌ஷன் வர்றவங்க பி போட்டாச்சான்னுதான் சார் கேப்பாங்க."

செல்வி அரை மணி நேரம் சொல்லி நடக்காதது அந்த ஒரு வரியில் நடந்தது. "அப்ப பி-யே போட்ருங்க" என்றார் விருத்தாசலம். "ஆனா ஒண்ணு. முதல்ல எல்லாருக்கும் ரத்த டெஸ்ட் எடுத்துரணும். ஏற்கனவே இருக்குறவங்களுக்குப் போட்டு ஊசிய வேஸ்ட் பண்ணக் கூடாது பாருங்க. நம்ம மச்சான் லேப்ல சொல்லிர்றேன், அவங்களே வந்து எடுத்துக்கினு போயிருவாங்க."

எல்லாருக்கும் டெஸ்ட் தேவையே இல்லை, நேரடியாக ஊசி போட்டுவிடலாம் என்று செல்விக்குத் தெரியும். அப்படி எடுப்பதென்றால் ஒவ்வொருத்தியிடமும் தனியாகப் பேசி, விருப்பம் கேட்டு எடுக்க வேண்டும். அதைச் சொன்னாள். "ரிசல்ட்டு என் கைக்கு மட்டும்தான் சார் வரணும். வேற யாருக்கும் தெரியக் கூடாது."

"சரி சரி சரி" என்றார் அவர். மூன்று தடவை சரி சொன்னால் காதில் வாங்கவில்லை என்று அர்த்தம். அது தெரிந்தும் செல்வி எழுந்து வந்துவிட்டாள். பி கிடைத்ததே பெரிய விஷயம், இதற்கும் சண்டை பிடித்தால் அதுவும் போய்விடும் என்று நினைத்தாள். அன்றைக்கு அவளுக்குச் சண்டை போடத் தெம்பும் இல்லை.

டெஸ்ட் எடுக்க லேப் ஆட்கள் ஒரு வியாழக்கிழமை வந்தார்கள். பொம்மை நோயாளிகளைக் கட்டிலில் கிடத்தி வைத்திருக்கும் செய்முறை அறையில்தான் ஏற்பாடு. ரத்தத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றுதான் செல்வி நம்பியிருந்தாள். அவர்களோ சின்னச் சின்ன அட்டைகளைக் கொண்டு வந்திருந்தார்கள். ஒரு சொட்டு விட்டால் அங்கேயே கோடு காட்டும் அட்டை. "இதை இங்க வச்சுப் பார்க்காதீங்க தம்பி, லேப்ல போய்ப் பாருங்க" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். யாரோ ஒரு மாணவியின் அப்பா போனில் இருந்தார்.

"இன்னா ஊசிம்மா போடப் போறீங்க? ஹாஸ்டல்ல வந்துச்சே, அந்தக் காமாலைக்கா?"

"இல்லைங்க. இது வேற."

"அதுக்குப் போடாம வேற எதுக்கோ போட்டா இன்னா பிரயோஜனம்?"

அவருக்கு ஏ-யையும் பி-யையும் விளக்கி முடித்துவிட்டுத் திரும்பி வந்தாள். வராந்தாவிலேயே அறை அமைதியாக இருப்பது தெரிந்தது. நாற்பது பெண்கள் வரிசையில் நிற்கிற இடம் அப்படி இருக்காது. உள்ளே லேப் ஆள் ஒரு அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கலைமதி யாரும்மா? உனுக்குத்தான் பாசிட்டிவ் காட்டுது. இன்னொரு தபா ரத்தம் குடு, பாத்துரலாம்."

வரிசை தானாக விலகியது. நடுவில் கலைமதி கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு நின்றாள்.

ஒலக்கூர் பக்கத்துக் கிராமத்துப் பெண். சொந்தமாகக் கொஞ்சம் நிலம், அதில் மல்லாட்டைக் கடலையும் நெல்லும் போடுகிற குடும்பம். படிப்பில் நடுத்தரம். ஆனால் கை வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ரத்த நாளத்தைத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிப்பதில் மூன்றாம் வருஷப் பெண்களே அவளைக் கூப்பிடுவார்கள். இப்போது அந்தக் கையை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு வேறு எங்கோ பார்த்தார்கள்.

செல்வி லேப் ஆளை வெளியே இழுத்துக்கொண்டு போய்ப் பொரிந்து தள்ளினாள். அவன் திருதிருவென்று விழித்தான். "எங்க லேப் சார் அங்கயே பாத்துச் சொல்லிட்டு வரச் சொன்னாருங்க மேடம். எங்களுக்கு இன்னும் ரெண்டு காலேஜ் இருக்கு." அவனைத் திட்டி என்ன ஆகப் போகிறது. நடந்தது நடந்துவிட்டது. இரண்டாவது அட்டையும் அதையே காட்டியது.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் கல்லூரி முழுக்கத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் விருத்தாசலம் கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ண வீட்டுக்கு அனுப்பிருங்க. குணமானதும் வரட்டும்."

"இது ஜுரம் மாதிரி குணமாகிற விஷயம் இல்லை சார். உடம்புல வைரஸ் இருக்கு, அவ்வளவுதான். வருஷக்கணக்கா இருக்கலாம். அவ நல்லா இருக்கா. படிக்கலாம், வேலை பாக்கலாம். வீட்டுக்கு அனுப்பத் தேவையே இல்லை."

"அப்ப எப்பவுமே குணமாகாதா?" அவர் இன்னும் பயந்துவிட்டார். "ஏம்மா, ஒரு ஆஸ்பத்திரிக்காரன் இந்தப் பொண்ண உள்ள விடுவானா? மத்த பொண்ணுங்களோட அப்பன் ஆத்தா சும்மா இருப்பாங்களா? நீங்கதான் பி பி பி-ன்னு ஒத்தக்கால்ல நின்னீங்க. ஏ போட்டிருந்தா இந்தப் பேஜாரு வந்திருக்குமா?"

இப்படி ஒரு நியாயத்துக்கு என்ன பதில் சொல்வது? நான் ஊசிதான் கேட்டேன், டெஸ்ட் நீங்கள் கேட்டது என்று சொல்லலாம். அதைச் சொன்னாள். அவர் கேட்கவில்லை. தமிழ்மணி மேடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில், அம்மாவை வரச் சொல்வது, விழுப்புரத்தில் பெரிய டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கி வருவது, அதுவரை கலைமதி வகுப்புக்கு வராமல் ஹாஸ்டலில் இருப்பது என்று முடிவானது.

செல்வி ஹாஸ்டலுக்குப் போய்ப் பார்த்தாள். கலைமதியின் கட்டிலைச் சுற்றி இருந்த மூன்று கட்டில்கள் எதிர்ச் சுவரோரம் போயிருந்தன. மெஸ்ஸில் அவளுக்கென்று ஒரு தட்டும் டம்ளரும் தனியாக எடுத்து வைத்திருந்தார்கள். மாறிவிடாமல் இருக்க அடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு.

செல்வி அந்த டம்ளரைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அவள் அம்மா சவுரியம்மாள் மேல்மலையனூர்ப் பக்கம் களையெடுக்கப் போன வீடுகளில் கொல்லைப்புறத்துக் கூரையில் ஒரு டம்ளர் செருகி வைத்திருக்கும். வேலை முடிந்து தண்ணீர் கேட்டால் அதை எடுத்துக் குடித்துவிட்டுக் கழுவி அங்கேயே செருக வேண்டும். அம்மா அதைச் சொல்லும்போது குரலே உயராது. அதனாலேயே செல்வி மறக்கவில்லை. தன் கோபம் எங்கிருந்து வருகிறது என்று அவள் அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

"யாரு இதை வச்சது?"

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"போன மாசம்தானே பரீட்சை எழுதினீங்க? ஹெப்படைடிஸ் பி சாப்பாட்டுல பரவாது, தட்டுல பரவாது, தொட்டா பரவாதுன்னு எல்லாரும் எழுதியிருந்தீங்களே. நான்தானே திருத்துனேன். ஒருத்திகூட தப்பா எழுதல."

மலர்விழி என்கிற பெண் தலையைக் குனிந்தபடியே சொன்னாள். "அது எக்ஸாமுக்கு மேடம். ஒரே பாத்ரூம்ல குளிக்கிறோம். பயமா இருக்காதா?"

செல்வி அந்தத் தட்டையும் டம்ளரையும் எடுத்துப் போய் மற்றப் பாத்திரங்களோடு போட்டாள். மறுநாள் காலையில் அவை மறுபடி தனியாக இருந்தன.

இரண்டு நாள் கழித்துக் கலைமதியின் அம்மா அம்மணி வந்தார். அப்பா வரவில்லை. காலேஜிலிருந்து கூப்பிட்டால் பெண் ஏதோ தப்புப் பண்ணிவிட்டாள் என்றுதான் அர்த்தம் என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டாராம். அம்மணி பையிலிருந்து ஒரு கட்டு கீழாநெல்லியை எடுத்துச் செல்வியின் மேஜை மேல் வைத்தார். ஈரத் துணியில் சுற்றி, வாடாமல் கொண்டு வந்திருந்தார்.

"மோர்ல அரைச்சுக் குடுத்தா மூணே நாள்ல இறங்கிரும் டீச்சரம்மா. எங்க ஊர்ல எல்லாருக்கும் இதுதான். ஆனா இவளுக்கு காமாலையே வந்ததில்லையே. கண்ணப் பாருங்க, வெள்ள வெளேர்னு இருக்கு. எப்படி இருக்குன்னு சொல்றீங்க?"

செல்வி பொறுமையாகச் சொன்னாள். கண் மஞ்சளாகாமலே இது உள்ளே இருக்கலாம். யாரிடமிருந்தும் கெட்ட வழியில் வந்தது என்று நினைக்கத் தேவையில்லை. நிறைய பேருக்குப் பிறக்கும்போதே வந்துவிடுகிறது.

"பொறக்கும்போதுன்னா?" அம்மணியின் முகம் மெல்ல மாறியது. "என்கிட்ட இருந்தா?"

"இருக்கலாம்மா. அதான் நீங்களும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாக்கணும்."

அம்மணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "ஊர்ல தெரிஞ்சா இவள எவன் கட்டிக்குவான்?" என்றார்.

பக்கத்தில் நின்ற கலைமதி அப்போதுதான் பேசினாள். அட்டையைத் தூக்கிக் காட்டிய அன்றிலிருந்து செல்வியிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது. "எனக்கு டெஸ்ட் எடுங்கன்னு நான் கேட்டேனா மேடம்? எனக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம். நல்லாதான இருந்தேன்."

தெரிந்துகொள்வது நல்லது, பின்னால் ஈரலுக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்று வகுப்பில் பாடம் சொல்லித்தருபவள் செல்வி. ஆனால் கலைமதி சொன்னது தப்பு என்றும் சொல்ல முடியவில்லை, சரி என்றும் சொல்ல முடியவில்லை.

மூவரும் விழுப்புரம் பஸ் ஏறினார்கள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டிகள் நெருக்கிக்கொண்டு நின்றன. கலைமதி ஜன்னலோரம், நடுவில் அம்மா, இந்தப் பக்கம் செல்வி. அம்மணி வழி நெடுக, "ஊசி போட்டுக்கினா சரியாயிடாதா?" என்று மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டு வந்தார். வருவதற்கு முன்னால் போட வேண்டிய ஊசி அது, வந்த பிறகு போட்டுப் பயனில்லை என்று செல்வியும் மாற்றி மாற்றிச் சொன்னாள்.

விழுப்புரத்துக்கு முன்னாலேயே இருக்கும் முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் தென்னரசு பார்த்தார். இளவயதுக்காரர். வெளியே கூட்டம் அலைமோதினாலும் கலைமதியை உட்காரவைத்து, அவளைப் பார்த்தே பேசினார். ஈரல் எப்படி வேலை செய்கிறது, ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்றெல்லாம் பார்க்க வேண்டும் என்றார். அம்மணிக்கும் ரத்தம் எடுத்தார்கள். வீட்டிலிருக்கும் அப்பாவையும் தம்பியையும் அனுப்பச் சொன்னார்கள். ஒரே நாளில் முடிகிற வேலையில்லை. அது முடிவதற்குள் செல்வி மூன்று தடவை லீவு போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும், "அந்தப் பொண்ணு வேலையாவே சுத்திக்கினு இருக்கீங்க" என்று ஆபீஸில் முணுமுணுத்தார்கள்.

முடிவுகள் வந்தன. கலைமதிக்கு வைரஸ் மிகக் குறைவு. ஈரலில் கோளாறு இல்லை. இப்போதைக்கு மருந்து வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினால் போதும். அப்பாவுக்கும் தம்பிக்கும் இல்லை, இரண்டு பேருக்கும் தடுப்பூசி ஆரம்பித்துவிட்டார்கள். அம்மணிக்கு இருந்தது. வெறுமனே இருக்கவில்லை, ஈரலில் வடு விழத் தொடங்கியிருந்தது. தினமும் ஒரு மாத்திரை, விடாமல் சாப்பிட வேண்டும்.

"இன்னும் சில வருஷம் போயிருந்தா வயிறு வீங்கின பிறகுதான் வந்திருப்பீங்க" என்றார் டாக்டர். "பொண்ணாலதான் தப்பிச்சீங்க."

ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் கலைமதி வெளியே வந்ததும் தூணோரம் நின்று விசித்து விசித்து அழுதாள். அம்மணி மாத்திரை அட்டையைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நான்தான்டி உனுக்குக் குடுத்திருக்கேன், நீ எதுக்கு அழுவுற" என்று அவள் முதுகைத் தடவினார். செல்வி கொஞ்சம் தள்ளி நின்றாள். அந்த இடத்தில் தனக்கு என்ன வேலை என்று அவளுக்குத் தெரியவில்லை.

டாக்டர் எழுதிக்கொடுத்த சான்றிதழை மறுநாள் விருத்தாசலத்தின் மேஜையில் வைத்தாள். தமிழ்மணி மேடம் வழக்கம்போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படிக்கவும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளவும் தகுதியானவர், வழக்கமான பாதுகாப்பு முறைகளே போதும் என்று தெளிவாக எழுதியிருந்தார். விருத்தாசலம் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஃபிட்டுன்னு போட்டிருக்கு. நெகட்டிவ்னு போடலையே."

"நெகட்டிவ்னு போட முடியாது சார். அவ பாசிட்டிவ்தான்."

"அதான் சொல்றேன். நெகட்டிவ்னு வாங்கிக்கினு வரட்டும், நாளைக்கே சேத்துக்கலாம்."

ஒரு மாதமாகச் செல்வி சொன்னது எல்லாம் கிணற்றில் போட்ட கல்லாக எங்கே போய் விழுந்தது? இனிமேல் விளக்கிப் பயனில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. விளக்குவதை விட்டாள்.

"சரி சார். அப்ப எல்லாருக்கும் எடுத்துருவோம்."

"எல்லாருக்கும்தான் எடுத்தாச்சே."

"ஸ்டூடண்ட்ஸுக்கு எடுத்தாச்சு. நமக்கு எடுக்கல. நான், தமிழ்மணி மேடம், மத்த டீச்சர்ங்க, மெஸ் ஆளுங்க, பஸ் டிரைவர், நீங்க. பாசிட்டிவ் வந்தா இந்த கேம்பஸ்ல இருக்கக் கூடாதுன்னா அது எல்லாருக்கும்தானே? உங்க மச்சான் லேப்லயே சொல்லிருங்க. அதே ரூம்ல வரிசையா நிப்போம். பேர் சொல்லிக் கூப்பிடட்டும்."

"இன்னாம்மா பேசுறீங்க? எனுக்கு எதுக்கு டெஸ்ட்டு?"

"உங்களுக்கு இல்லைன்னு எப்படி சார் தெரியும்? அவளுக்கும் போன மாசம் வரைக்கும் தெரியாது. உங்களுக்கு ஒரு ஹார்ட் ஆபரேஷன் நடந்துச்சே, அப்ப ரத்தம் ஏத்துனாங்களா?"

விருத்தாசலத்தின் கை தன்னையறியாமல் சட்டைப் பொத்தான் பக்கம் போனது. கோபமாக ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் தமிழ்மணி மேடம் பேசினார்.

"நான் இருபத்தஞ்சு வருஷம் பிரசவ வார்டுல இருந்தவ சார். அப்பல்லாம் எங்களுக்கு யாரும் ஊசி போடல. கையில எத்தனை தடவை குத்தியிருக்குன்னு எனக்கே தெரியாது. இன்னி வரைக்கும் நான் டெஸ்ட் எடுத்துக்கல. பயம். எடுத்து, இருந்துட்டா என்ன பண்றதுன்னு பயம்." ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பி முதல் தடவையாகச் செல்வியைப் பார்த்தார். "அந்தப் பிள்ளை படிக்கட்டும் சார். அதை அனுப்புனா நானும் போக வேண்டியிருக்கும்."

விருத்தாசலம் சான்றிதழை டிராயருக்குள் போட்டார். "என்னமோ பண்ணுங்க. வெளிய யாருக்கும் தெரியக் கூடாது" என்றார். கல்லூரிக்கே தெரிந்த விஷயத்தை இனி யாருக்குத் தெரியாமல் வைப்பது என்று செல்வி கேட்கவில்லை.

கலைமதி வகுப்புக்குத் திரும்பினாள். ஹாஸ்டலுக்குத் திரும்பவில்லை. செல்வி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கட்டில்களைப் பழைய இடத்துக்கே மாற்றிவிட்டேன், தட்டுகளையெல்லாம் ஒன்றாக்கிவிட்டேன் என்றாள். "பரவால்ல மேடம், நான் வீட்ல இருந்தே வர்றேன்" என்று ஒரே பதில். விடிந்ததும் ஒலக்கூரில் பஸ் பிடித்து, நின்றுகொண்டே வந்து, சாயங்காலம் அதேபோலப் போனாள்.

மற்றப் பெண்களுக்கு ஊசி போட்டார்கள். வாசலில் 'மாபெரும் மஞ்சள் காமாலை தடுப்பூசி முகாம்' என்று விருத்தாசலம் பேனர் கட்டினார். எந்தக் காமாலை என்று அதில் இல்லை. பேனரைப் பார்த்த பெற்றோர்கள், ஹாஸ்டல் காமாலைக்குத்தான் போட்டுவிட்டார்கள் என்று நிம்மதியாகப் போனார்கள். தொட்டி அப்படியே இருந்தது. இரண்டாவது தவணைக்கு நாள் குறித்தால் ஸ்போர்ட்ஸ் டே குறுக்கே வந்தது, அடுத்த நாளில் ஊசி வந்து சேரவில்லை. செல்வி ஆபீஸுக்கு நடையாய் நடந்து, ஒரு வழியாக அதைப் போட்டு முடித்தாள். மூன்றாவது தவணை பரீட்சை லீவில் வருகிறது. அதற்கு இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டாள். "வரட்டும், பாத்துக்கலாம்" என்கிறார்கள்.

விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பயிற்சி தொடங்கிய முதல் நாள், செல்வியும் மாணவிகளோடு போனாள். வார்டு சிஸ்டர் பெண்களை வரிசையாக நிறுத்தி, "எல்லாரும் பி ஊசி போட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். போட்டாச்சு சிஸ்டர், போட்டாச்சு சிஸ்டர் என்று பதில் நகர்ந்து வந்தது. கலைமதிக்கு முன்னால் மலர்விழி நின்றாள். அடுத்து இவள். அவளுக்காகப் பேசச் செல்வி ஒரு அடி எடுத்து வைத்துவிட்டாள்.

"என் விஷயம் டாக்டர் பாத்து எழுதிக் குடுத்திருக்கார் சிஸ்டர். லெட்டர் உங்க சூப்பரின்டெண்டன்ட் மேடம்கிட்ட குடுத்துட்டோம்" என்றாள் கலைமதி. குரல் தெளிவாக இருந்தது.

சிஸ்டர் அவளை ஒரு கணம் பார்த்தார். "சரி. கிளவுஸ் போட்டுக்க. அந்த நாலாம் பெட் அம்மாவுக்கு வெயின் கிடைக்கல, ரெண்டு பேரு குத்திப் பாத்துட்டாங்க. உங்கள்ல யாருக்காவது கை வருமா?"

யாரும் நகரவில்லை. மலர்விழிதான் மெதுவாகச் சொன்னாள். "கலைமதிக்கு நல்லா வரும் சிஸ்டர்."

கலைமதி கையுறையை இழுத்துப் போட்டுக்கொண்டு நாலாம் படுக்கைக்குப் போனாள். ஒல்லியான கிழவி. இரண்டு கையிலும் குத்திக் குத்தி நீலம் பாய்ந்திருந்தது. கலைமதி அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, விரலால் தடவித் தடவி, கண்ணை மூடாத குறையாகத் தேடினாள். செல்வி வார்டு வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே போகவில்லை.

மத்தியானம் கேண்டீனில் செல்விக்கு எதிரே காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்துவிட்டும் கலைமதி வேறு மேஜையில் போய் உட்கார்ந்தாள். அவள் கோபம் இன்னும் தீரவில்லை. தீர வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. செல்வி சாப்பாட்டை முடித்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து, மூன்றாவது தவணைக்கு நாள் குறித்தாகிவிட்டதா என்று கேட்கக் கல்லூரி ஆபீஸுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள்.